பழைய டிஸ்க்கின் எட்டு நிமிஷம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நம் வாலுப்பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் அதுதான் என் நினைப்பு. வழக்கமாக அடுத்த வரியில் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதுவேன். இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பதறிப்போய்க் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, அப்பா சொல்கிற வேகத்திலேயே வா.

கம்ப்யூட்டர் வேகமாக ஓட ஆறு மாதமாக நீ நச்சரித்த எஸ்எஸ்டியை, அந்தப் புது மாதிரி டிஸ்க்கை, வாங்கி மாட்டியாயிற்று. ஆளைக் கூப்பிடுங்கள் என்று நீ சொன்னாய், நாற்பது வருஷம் லிஃப்ட் மோட்டாரையே கழற்றி மாட்டியவனுக்கு நாலு ஸ்க்ரூ எம்மாத்திரம் என்று நானே இறங்கினேன். கடைக்காரர் முதலில் சூயிங்கம் பட்டை மாதிரி மெல்லிசாக ஒன்றை எடுத்து நீட்டி, இதுதான் சார் இப்ப எல்லாரும் வாங்குறது, சும்மா பறக்கும் என்றார். நல்லவேளை, போவதற்கு முன்பே பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து வைத்திருந்தேன். நம் பழைய போர்டில் அதைச் செருக இடமே கிடையாது. எங்க மெஷினுக்கு வயசாயிடுச்சுங்க, கேபிள் போட்டு மாட்டுற தட்டை டைப்தான் வேணும் என்றேன், அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இருநூற்றைம்பது ஜிபி போதும் என்றுதான் நினைத்தேன், ஆனால் வாலுவின் படங்களே அதைத் தாண்டிவிட்டன, அதனால் ஐந்நூறாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பழையதையும் புதியதையும் ஒன்றாக மாட்டி, இருப்பதையெல்லாம் அப்படியே நகல் எடுக்க விட்டேன், மூன்று மணி நேரம் ஆனது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஆன் செய்தால் அதே ஆமை நடை. அந்த ஆள் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகுதான் உறைத்தது, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை நான் செட்டிங்கில் மாற்றவே இல்லை, மெஷின் பாட்டுக்குப் பழையதிலிருந்தே கிளம்பிக்கொண்டிருக்கிறது. மாற்றினேன், பழையதன் கேபிளையும் பிடுங்கிப்போட்டேன். பதினைந்து எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது, ஒரு சத்தம் கிடையாது. கைதட்டினேன் பாப்பா, மடையன், கைதட்டினேன்.

கம்ப்யூட்டர் திறக்க எட்டு நிமிஷமா, அதற்குள் நான் சமையலையே முடித்துவிடுவேன் என்று நீ கேலி செய்வாயே, ஒன்றரை வருஷமாக அந்த எட்டு நிமிஷத்தை வைத்துத்தான் நாங்கள் உன்னிடம் பேசினோம். அம்மாவுக்கு மறதி நோய். டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார், மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், திருப்பித் தராது என்று. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பாகிட்ட மூச்சு விடாதீங்க, வேலை வெட்டி எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா என்றாள். நானும் தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் வீடியோ அழைப்புக்காகப் பட்டனைத் தட்டியதும் அந்தப் பழைய டிஸ்க் கடகடவென்று அரைக்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், அவள் எங்கே இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். திரை வருவதற்குள் நான் சொல்லிக்கொடுப்பேன். பாப்பா புது வீட்டுக்குப் போயாச்சு, வாலு ரெண்டாம் கிளாஸ், மாப்பிள்ளைக்கு முதுகு வலி தேவலையான்னு கேளு. உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள், உன்னைப் பார்த்ததும் பிசிறில்லாமல் பேசிவிடுவாள். அம்மாவுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கே என்று நீ சந்தோஷப்படுவாய், நாங்கள் இரண்டு பேரும் பரீட்சை பாஸ் செய்த மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். வாரத்தின் நடுவில் நீ போன் செய்யும்போது அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னதெல்லாம் புளுகு.

போன ஞாயிறு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. பட்டனைத் தட்டினேன், சத்தம் வரவில்லை, அம்மா தானாக வரவில்லை, கூப்பிட்டு உட்கார வைத்து வாயைத் திறப்பதற்குள் உன் அழைப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் அவளே பச்சை பட்டனை அமுக்கிவிட்டாள். உன் முகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டாள். என்னம்மா புதுசா மரியாதையெல்லாம் பலமா இருக்கு என்று நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். உடனே என் பக்கம் திரும்பி, யாருங்க இந்தப் பொண்ணு என்று வாயெடுத்தாள். நான் ஒயரைப் பிடுங்கினேன். லைன் போய்விட்டது என்று உனக்குச் செய்தி அனுப்பினேனே, லைன் எங்கும் போகவில்லை, நான்தான் பிடுங்கினேன். மன்னித்துவிடு பாப்பா.

புதன்கிழமை புது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதையே மாட்டினேன். கடகட சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்து, பாப்பா வர்றாளா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரவாயில்லை, இப்படியே ஓட்டிவிடலாம் என்று பாடத்தை ஆரம்பித்தேன். என் பொண்ணைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறீங்களா என்று கோபித்துக்கொண்டாள். சரி, நீயே சொல்லு என்றேன். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், சாயங்காலம் டியூஷன் விட்டு வருவாயாம். எட்டு நிமிஷம் முழுக்கச் சொன்னேன், திரை வந்தபோது ஒன்றுமே அவளிடம் இல்லை. எட்டு என்ன, எண்பது நிமிஷம் இருந்தாலும் இனி போதாது பாப்பா. அதனால்தான் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுகிறேன். ஓடி வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுத மாட்டேன், அந்தத் தெம்பு அப்பாவுக்கு இல்லை.

இப்போது இரண்டையும் மாட்டி வைத்திருக்கிறேன். புதியது வேலை செய்கிறது, பழையது சும்மா சத்தம் போடுகிறது. கடைக்காரர் பார்த்தால் எனக்குக் கழன்றுவிட்டது என்பார். பழையது ரொம்ப நாள் தாங்காது என்றும் சொல்லியிருக்கிறார், ஓடுகிற வரை ஓடட்டும், அவள் வந்து உட்காரவாவது அது வேண்டும்.

இதை எழுதும்போது அம்மா வந்து எட்டிப் பார்த்து, யாருக்கு என்று கேட்டாள். பாப்பாவுக்கு என்றேன். அப்ப இதையும் எழுதுங்க, போன வாரம் ஒரு பொண்ணு வந்து பேசுச்சு, சிரிச்சா அச்சு அசல் நம்ம பாப்பா மாதிரியே இருந்துச்சு, ரெண்டு பேரும் பார்த்தா சிநேகமாயிடுவாங்கன்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன், அது அவள் மனதில் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கிறது. அழுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தோடு அழுது முடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை என்னைத் தெரியுதாம்மா என்று மட்டும் கேட்டுவிடாதே, தெரியவில்லையே என்று அவள் கூசிப்போவாள். முகம் தெரிந்ததும் நீயே முந்திக்கொண்டு, அம்மா, நான் உன் பொண்ணு பேசுறேன் என்று சொல்லிவிடு. ஒவ்வொரு வாரமும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா