சவாகோவுக்கு அப்பா கிண்டும் மோச்சி

என்னங்க, வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ரயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, ஆனாலும் நாரா ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன். "இந்தப் படி ஏறாதே" என்று நீங்கள் விரட்டிய மகள் நான்கு வருடம் கழித்து வருகிறாள். காலையில் சவாகோ போனில், "அப்பா இன்னும் கோவமா இருக்காராம்மா?" என்றாள். "போடி, உனக்காக அவரே வராபி மோச்சி இனிப்பு கிண்டிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். அழுதுவிட்டாள்.

எழுந்திருங்கள். பெரணிவேர் மாவைக் கரைத்து அடுப்பில் வைத்திருக்கிறேன், பற்றவைக்கவில்லை. சிறு தீயில், கண்ணாடிபோல் ஆகும்வரை கைவிடாமல் கிண்டி, ஐஸ் தண்ணீரில் போடுங்கள். மேலே தூவ வறுத்த சோயா மாவு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. மோச்சியை ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், விறைத்துவிடும்.

சிசுனோ

பி.கு.: கட்டி தட்டினாலும் கவலைப்படாதீர்கள். அப்போதுதான் நீங்கள் செய்தது என்று நம்புவாள்.