ராசனின் தட்டில் வாய் வைத்த காட்டுப்பூனை

என் செல்லத் தம்பி ராசன்,

நீ போன பிறகு ஜெர்மனியின் இந்த ஹார்ட்ஸ் மலையில் இது முதல் பனிக்காலம். வீட்டுக்குப் பின்னால் காடு அப்படியே நிற்கிறது. அங்கேயிருந்து ஒன்று வந்து போனது. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

நீ கண்மூடிய எட்டாம் நாள், உன் எட்டுச் செலவுக்கு, முறைப்படி உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தேன். லண்டனில் இருக்கிற உன் பெண்சாதி வரவில்லை. லீவு இல்லையாம். அதை நான் மறக்கமாட்டேன். உன் வயிற்றுப்புண்ணுக்காக மிளகாய் போடாமல் ஆட்டிறைச்சி அவித்து, தட்டைப் பின்கதவுப் படியில் வைத்தேன். விடியப் பார்த்தால் வெறுந்தட்டு. அழுகையும் வந்தது, ஆறுதலாயும் இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் வைத்தேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், நீ வேலையால் வருகிற நேரம், அது வந்தது. நீ இறைச்சி போட்டு வளர்த்த லுக்ஸ் என்கிற காட்டுப்பூனை. பெரிய நாயின் உயரம், கட்டை வால், காது நுனியில் கறுப்பு மயிர், கழுத்தில் உன் வேலையிடத்தார் கட்டிவிட்ட, இடம் காட்டுகிற பட்டி. இந்த மலையில் எப்போதோ சுட்டு முடித்த சாதியைக் கூட்டில் பெருக்கித் திரும்பவும் காட்டில் விடுகிறோம் என்று பெருமையடிப்பாயே, அதில் ஒன்று. என் இளைய மகளின் கலியாணத்துக்கு நீ வராமல் விட்டதும் இதற்குக் கூட்டைத் திறக்கிற நாள் என்றுதானே? அதையும் நான் மறக்கவில்லை.

தின்றது. தின்றுவிட்டுப் போகவில்லை. உன் அறை யன்னலைப் பார்த்தபடி இருந்தது. கண் வெட்டவில்லை. கடைசி மாதங்களில் நீ ஒன்றும் கதைக்காமல் என்னைப் பார்ப்பாயே, அந்தப் பார்வை. விடிய எழும்பிப் பனியில் தேடினேன். காட்டிலிருந்து படிவரைக்கும் காலடி இருந்தது. திரும்பிப் போன காலடியைக் காணவில்லை. அப்படியென்றால் எங்கே போனது, தம்பி?

அந்தக் கிழமையே உன்னோடு வேலை செய்த ஜெர்மன்காரப் பெண் வந்தாள். கழுத்துப் பட்டி எங்கள் வீட்டைக் காட்டிக் கொடுத்ததாம். மனிதரிடம் சாப்பாடு தேடிப் பழகினால், பிடித்துச் சாகும்வரை கூட்டில் அடைக்க வேண்டி வருமாம்.

"என்ர தம்பியின்ர சாப்பாட்டை நிப்பாட்ட இவ ஆர்? கேள் பிள்ளை" என்றேன். பேத்தி லாவண்யா அதை ஜெர்மனில் சர்க்கரை பூசித்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பிறகு என்னவோ சொல்ல, பேத்தியின் முகம் மாறியது.

"அம்மம்மா, ராசன் தாத்தா ஒருநாளும் அதுகளுக்கு முன்னால போகேல்லையாம். மறைஞ்சு நிண்டுதான் இறைச்சி போட்டவராம். தன்ர மணம்கூடப் படப்படாது, பட்டால் அதுகளுக்குக் காடு இல்லையெண்டு சொல்லுவாராம்."

உன்னைக் கண்டே அறியாத மிருகம் உன் யன்னலை எப்படி அறிந்தது?

அடுத்த ஞாயிறு தட்டு வைக்கவில்லை. அது வந்தது. வெறும் படிக்கு முன்னால் இருந்து பார்த்தது. விலா எலும்பு தெரிந்தது. நான் சட்டியோடு கதவைத் திறந்தேன். என்ன சொல்லித் துரத்துவது? வாயில் உன் பெயர்தான் வந்தது.

"ராசன், இஞ்ச உனக்கு ஒண்டும் இல்லை. போடா."

காது இரண்டும் நிமிர்ந்தன. எழும்பி ஓரடி கிட்ட வந்தது. நான் சட்டியால் எறிந்தேன். அப்போதுதான் திரும்பி மரங்களுக்குள் போனது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கையால் உனக்கு ஊட்டியிருக்கிறேனே.

நேற்று அந்தப் பெண் தொலைபேசி எடுத்தாள். மலைக்கு அந்தப் பக்கத்தில் அது தானே ஒரு மானைப் பிடித்துத் தின்றிருக்கிறதாம். இனிப் பிடிக்கமாட்டார்களாம்.

ஆகவே கேள், ராசன். உன் திவசத்துக்கும் படையல் சாமியறைக்குள்ளேதான். வெளிப்படியில் இனி ஒரு பருக்கையும் வைக்கமாட்டேன். பசியென்று நீ எந்த உருவில் வந்து நின்றாலும் கதவைத் திறக்கமாட்டேன். இது சத்தியம். அங்கேயே பிடித்துத் தின்.

தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் காது கொடுத்து நிற்கிற,
உன் பெரியக்கா