மூன்றாவது சிலிண்டரைப் பற்றி நான் சொல்லாதது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் நலமென்று ஞாயிறுதோறும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் காகிதத்தில் ஒருமுறை விசாரித்தால்தான் எனக்குத் திருப்தி. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். வாயால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. புதன்கிழமையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாயைச் சரிபண்ண வந்தவர் அதைச் சரிபண்ணிவிட்டு குளியலறைக் குழாயைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஐந்து நாளாகிறது. மாடியில் குடியிருக்கிறவர்களின் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, காலையில் என் தலைக்கு மேலே குடுகுடுவென்று ஓடுகிறது, எனக்கு அலாரம் வேண்டியதில்லை. தட்டச்சு வகுப்புக்கு இப்போது நான்கு பேர்தான் வருகிறார்கள், நான்கு பேரும் இரண்டு விரலால் தட்டுகிறவர்கள், ஒவ்வொரு நாளும் நான் அவர்கள் விரலைப் பிடித்து நேராக வைப்பதும் அவர்கள் நான் திரும்பியதும் பழையபடி தட்டுவதுமாகக் காலம் போகிறது. முழங்கால் பரவாயில்லை. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றச் சொல்லியிருக்கிறார், மாற்றிக்கொள்கிறேன், அதற்காக நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

இனி வண்டி விஷயம். உன் அப்பாவின் அந்தச் சிவப்பு ரெண்டு சீட்டு வண்டியை நான் சக்களத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். விடுமுறை நாளில் அவர் கை அதன் வயிற்றுக்குள்தான் இருக்கும், சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ, ஒரே ஒரு நட்டு" என்பார், சோறு ஆறிப்போகும். அவர் போனபிறகு இரண்டு வருஷம் அது தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. எனக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இந்த வருஷம் ஒருநாள் தார்ப்பாயைத் துவைக்கலாமென்று எடுத்தேன், எடுத்த கையோடு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன், சீட்டில் இன்னும் அவர் உட்கார்ந்த பள்ளம் இருக்கிறது. பிறகுதான் புது பேட்டரி போட்டு, பழைய பெட்ரோலை இறக்கி, ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் ஒழுங்காகப் போனது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியரில் இழுவையே இல்லை, திணறித் திணறி நின்றேவிட்டது. பின்னால் வந்த வேன்காரர் இறங்கித் தள்ளிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குப் போனில் இதை உன்னிடம் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னேன். தம்பி, ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பா இருந்தவரை நாம் இரண்டு பேரும் அவர் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் போனபிறகு நீ கூப்பிட்டால் நான்கு நிமிஷம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அங்கே மழையா, சரி வைக்கட்டுமா. உன்மேல் குறை சொல்லவில்லை, எனக்கும் வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை. போனை வைத்தபிறகுதான் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். வண்டி நின்றுபோனதைச் சொன்ன அன்று நீ என்னோடு ஒரு மணி பத்து நிமிஷம் பேசினாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நமக்கு வேலை இருந்தது. முதல் வாரம் வயர்களைத் துடைத்தோம், இரண்டாவது வாரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினோம், மூன்றாவது வாரம் நான்கு ப்ளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் செய்தித்தாளில் வைக்கச் சொன்னாய். மூன்று ப்ளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தது, மூன்றாம் நம்பர் மட்டும் கரி பிடித்து ஈரமாக இருந்தது. "மூணாவது ஆளு வேலைக்கு வராம லீவு போட்டிருக்கும்மா" என்று நீ சிரித்தாய், உன்னிடமிருந்து அப்படிச் சிரிப்பு கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. அதை ஒன்றாம் நம்பரோடு மாற்றிப் போட்டு, கோளாறு ப்ளக்கோடு போகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். நின்றது. வயரை மாற்றினோம், அப்போதும் கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றினால் டேங்கில் இருந்த துரு முழுக்க அதில்தான் இருந்தது, அதை மாற்றியதும் இழுவை பாதி திரும்பி வந்தது, ஆனால் மேட்டில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிற அந்த மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை. பாயிண்ட் இடைவெளியை மெல்லிய தகடு வைத்து அளந்தேன், கண்டென்சரை மாற்றினேன். கை நிறைய கிரீஸோடு வகுப்புக்குப் போய் விசைப்பலகையெல்லாம் விரல் அடையாளம். அந்த ஒன்பது வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இப்போது நான் செய்த கூத்தைக் கேள். இரண்டாவது வாரம், நான்கு ப்ளக்குக்கும் பொறியைப் பங்கிடும் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றும்போது எந்த வயர் எங்கே என்று குறித்துக்கொள்ளச் சொன்னாய். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில்தான் நெருப்புப் பொறி போகும் என்றும் சொன்னாய். உன் அம்மா நாற்பது வருஷம் பாடம் நடத்தியவள், சும்மா குறிப்பாளா. மூடியின் உள்பக்கத்தில் ஒன்றிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நான்குக்கு என்று அழுத்தமாக அம்புக்குறி போட்டு வைத்தேன், காதில் செருகியிருந்த பென்சிலால். பத்தாவது வாரத்தில் ஒருநாள், மூடியில் விரிசல் இருந்தால் புதிதாக வாங்கலாமென்று உதிரிபாகக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன், அப்பா அவரை போல்ட்டு என்று கூப்பிடுவாரே, அவர்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "பென்சில்ல இருக்கறது கரிதானேம்மா, நீங்களே கரண்டுக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க, அது ஏன் ப்ளக்குக்குப் போகப்போகுது" என்றார். மேட்டில் ஏறும்போது பொறிக்கு அழுத்தம் கூடுமாம், அப்போது அது என் அம்புக்குறி வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுமாம். அவர் கடை ரப்பரை வாங்கியே அழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வீட்டுக்கு வந்து மாட்டினேன்.

மேட்டில் ஏறினேன் தம்பி. ஒரு இருமல் இல்லை. உச்சியில் நிறுத்தி தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உடனே உனக்குச் சொல்ல வேண்டுமென்று போனை எடுத்தேன். நம்பரைப் போடும்போதுதான், இதைச் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன பேசுவது என்று தோன்றியது. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு நீ கேட்டபோது இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு, சூடானால் அதிகமாகிறது என்று நானாக ஒன்றைச் சேர்த்தேன். மூன்றாவது ஞாயிறு கார்புரேட்டர் பக்கம் புஸ்ஸென்று சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டேன், அப்படியொரு சத்தம் இல்லவே இல்லை. இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுட்டு வாம்மா என்று நீ காத்திருந்தாய், நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிஷம் கழித்து "கேட்டேன்பா, வருது" என்றேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தில் பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் நான். என் கண்ணை யார் பார்க்கிறார்கள்.

போன ஞாயிறு நீ, "இது போன்ல ஆகுற வேலை இல்லம்மா, ரெண்டு வாரம் லீவு சொல்லிட்டேன், மாசக் கடைசில டிக்கெட் போட்டு நானே வந்து பிரிச்சுப் பார்த்துடறேன்" என்றாய். அன்றைக்கே நான் உன் அறையைப் பெருக்கித் துடைத்துவிட்டேன், தலையணையை வெயிலில் வைத்தேன், நீ எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாய் என்று நினைத்து நினைத்து விரிப்பை மூன்று தடவை மாற்றினேன். பொய் சொன்ன குற்ற உணர்ச்சி கொஞ்சமும் இல்லை. நீ வருகிறாய் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

புதன்கிழமை மருமகள் கூப்பிட்டாள். மாத்திரை நேரத்தை விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள், அந்த இரண்டு வாரமும் நீங்கள் இருவரும் அவள் அம்மாவைப் பார்க்கப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த லீவு என்று. "பரவாயில்ல அத்தை, அம்மாகிட்ட அடுத்த வருஷம் போறோம்னு சொல்லிட்டேன், வண்டி சரியாகணும்ல" என்றாள். அவள் குரலில் ஒரு வருத்தமும் காட்டவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. அவள் தன் அம்மாவைப் பார்த்து மூன்று வருஷமாகிறது, நீயாவது அப்பா காரியத்துக்கு வந்து போனாய். அங்கேயும் ஒருத்தி தலையணையை வெயிலில் வைத்திருப்பாள், எடுத்து உள்ளே வைத்திருப்பாள். சம்பந்தியம்மா பாவம், கெட்டுப்போக அவளிடம் ஒரு வண்டிகூட இல்லை.

அதனால் நீ இங்கே வர வேண்டாம். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, சோப்பு வாங்கக்கூட அதில்தான் போகிறேன். அந்த இரண்டு வாரமும் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போ. போனால் ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்காதே, அந்த அம்மா பேசினால் காதுகொடுத்துக் கேள். மருமகளிடம் என் பொய்யை நீயே சொல்லிவிடு, எனக்கு அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்மேல் உனக்குக் கோபம் இருந்தால் அது நியாயம்தான். ஆனால் நான் உன்னைப் பார்க்க ஏங்குகிறேன் என்பதில் மட்டும் பொய் இல்லை. அதை நேராகச் சொல்லத் தெரியாமல்தான் மூன்றாவது சிலிண்டர்மேல் பழியைப் போட்டேன்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, இரவு கண் விழித்து வேலை பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. பேசுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் இரண்டு பேரும் சும்மா இருப்போம், போனை மட்டும் உடனே வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா