யாழினியின் ஜெர்கின்

என் கோமுவுக்கு,

இதை நீ படிப்பாய் என்று நான் நம்பவில்லை. செத்தவர்கள் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் உன் அக்கா. ஆனாலும் இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. உன் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ போன பிறகு இரண்டு ஆடித்தபசு முடிந்துவிட்டது. அதுவரை யாழினி என்னோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து வந்து, விசா கிடைத்துவிட்டது, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றார். பெற்ற தகப்பன் கேட்கும்போது பெரியம்மா என்ன சொல்ல முடியும்? அங்கே அவருக்குத் துணையாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்லவள் என்றுதான் தெரிகிறது. அதனால் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

பிள்ளைக்கு நானே ஒரு ஜெர்கின் தைப்பது என்று முடிவு செய்தேன். சங்கரன்கோவிலில் குளிருக்கு உடை தைத்தவர்கள் யார் இருக்கிறார்கள்? "எதுக்கு மதினி மெனக்கெடுதிய, அங்கன கடையிலயே நல்லதா கிடைக்கும்" என்றார் மாப்பிள்ளை. கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். உன் சேலையை உள்துணியாக வைக்கச் சொன்னாள் பக்கத்து வீட்டுச் செல்வி. வைக்கவில்லை. அதில் உன் வாசம் எப்போதோ போய்விட்டது.

இணையத்தில் ஒரு பேட்டர்ன், துணி வெட்டுவதற்குக் கோடு போட்ட படம், கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, தாள்களை ஒட்டி, துணிமேல் பரப்பினேன். நம் ஊரில் பிள்ளைகளுக்கு யார் அளவோடு தைக்கிறோம்? யூனிபார்ம் பாவாடையை அடியில் மடித்துத் தைத்துவிட்டு, ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மடிப்பைப் பிரித்து விடுவோமே. ஜெர்கினில் அதற்கு வழியில்லை. அதனால் பேட்டர்ன் கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூட்டி வெட்டினேன். இந்தக் குளிருக்குத் தொளதொளவென்று கிடக்கும், அடுத்த குளிருக்குச் சரியாக இருக்கும். நான் பார்க்கப்போகாத அவளுடைய வளர்த்திக்கு என்னால் விட முடிந்த இடம் அவ்வளவுதான்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் போட்டுப் பார்த்தோம். ஃபேனுக்கு அடியில் நின்று ஜிப்பை இழுத்தாள். அப்படியே பொருந்தியது. தோள் கச்சிதம், இடுப்பு கச்சிதம், கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு மதினி" என்று மாப்பிள்ளை போட்டோ எடுத்தார்.

"பெரியம்மா, கசகசங்குது, கழட்டி விடுங்க" என்றாள் உன் மகள்.

நான் விட்ட இரண்டு விரல் எங்கே?

ஜெராக்ஸ் கடை அக்காவிடம் போய்க் கேட்டேன். "ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுது டீச்சர். அதான் நானே கொஞ்சம் சுருக்கி தாளுக்குள்ள அடக்கிட்டேன். ஒரு கோடாவது போயிருக்கா, பாருங்க" என்றார் பெருமையாக. போகவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதற்காகவே முதல் தாளின் மூலையில் ஒரு சதுரம் இருந்தது. நான் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள். லேபில் எதையும் இரண்டாம் முறை அளக்காமல் விடமாட்டேன். அந்தச் சதுரத்தின்மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை.

மறுபடி வெட்டத் துணியும் இல்லை, நாளும் இல்லை. ரயில் கிளம்பும்போது யாழினி கையாட்டினாள். அழவில்லை. அது நல்லதுதான், இல்லையா?

போன ஞாயிறு வீடியோவில் வந்தாள். ஊதா நிறத்தில், கடையில் வாங்கிய ஜெர்கின்.

"நான் தச்சது எங்கட்டி?"

"அது இறுக்கிப் பிடிக்குது பெரியம்மா. இங்க உள்ளுக்குள்ள ரெண்டு சட்டை போடணும். கையே நுழையல."

உள்ளே சட்டைமேல் சட்டை போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கோமு. குளிர் அங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறதாம்.

பிறகு திடீரென்று கேட்டாள்: "பெரியம்மா, எங்கம்மா உசரமா, குட்டையா?"

அவளிடம் உன் போட்டோ இருக்கிறது. போட்டோவில் உயரம் தெரியாது. அதுகூட இல்லை என் பயம். உன் தோளில் ஏறிக் கோயில் யானையைப் பார்த்த பிள்ளை, நீ எவ்வளவு உயரம் என்று என்னிடம் கேட்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் அதையும் கேட்கமாட்டாள். அப்புறம் நீ எங்கே இருப்பாய்? வானத்தில் என்று என்னால் சொல்ல முடியாது.

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவிட்டு எழுந்து நின்றேன். "இந்தா, என் காது வரைக்கும் இருப்பா" என்று கையை வைத்துக் காட்டினேன்.

"எங்க? உங்க சேலைதான் தெரியுது" என்று சிரித்தாள். அதற்குள் சாப்பிட யாரோ கூப்பிட்டார்கள். "வாரேன் பெரியம்மா" என்று ஓடிவிட்டாள். நான் காதருகே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு போனை அலமாரிமேல் வைத்து, எதிர்ச்சுவர் வரை தள்ளிப் போய் நிற்கிறேன். நீ இவ்வளவு இருந்தாய் என்று காட்டுகிறேன். அவள் கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

உன்னைவிட ஒரு காது உயரமான,
அக்கா