நால்வரும் ஒப்பியும் தோற்ற தீர்மானம்

அனுப்புநர்:
ம. தாரணி,
உறுப்பினர், ஹூவின பீதி (பூக்கடைத் தெரு) பூச்சந்தைக் குழு,
மைசூரு.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
சந்தைகள் பிரிவு,
மைசூரு.

பொருள்: சந்தைக் குழுவின் காலி இடங்களை நிரப்பவும், அதுவரை இருக்கும் உறுப்பினர்களைக் கொண்டே பெரும்பான்மையைக் கணக்கிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ராமாபுரத்தில் பணியாற்றிய காலத்தில் தாங்கள் தமிழ் படிக்கவும் கற்றுக்கொண்டதாகக் கேள்விப்பட்டு, எனக்குச் சரளமான மொழியிலேயே எழுதுகிறேன். கன்னடப் படியும் இணைத்துள்ளேன்.

1. எங்கள் குழுவில் ஒன்பது இடங்கள். எந்தத் தீர்மானமும் நிறைவேற, மொத்த இடங்களில் பாதிக்கு மேல், அதாவது ஐந்து வாக்குகள் வேண்டும் என்பது விதி. இரண்டு இடங்களுக்குத் தொடக்கத்திலிருந்தே எவரும் நியமிக்கப்படவில்லை. தொட்டையன் அவர்கள் சென்ற ஆண்டு காலமானார். பசம்மா அவர்கள் மகளுடன் குண்டலுபேட்டைக்குக் குடிபெயர்ந்தார். மீதம் ஐவர்.

2. சந்தையில் அறுபது பெண்கள் விடியலிலிருந்து பூ விற்கிறார்கள். அவர்களுக்குக் கழிப்பறை இல்லை. கிழக்கு வாசலருகே ஒன்று கட்டக் கோரி மார்ச் மாதக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். நால்வர் ஆதரித்தோம். வாசலை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் திரு. சேகரன் மட்டும், வாடை வந்தால் கடைக்கு யார் வருவார்கள் என்று எதிர்த்தார். நான்குக்கு ஒன்று. ஆனாலும் ஐந்து வராததால் தீர்மானம் தோற்றது. அன்று நான் அவரிடம் பேசாமலே வீட்டுக்குப் போனேன்.

3. ஏப்ரல் மாதத்தில் பூ விற்கும் பாப்பம்மாள் அவர்கள் கூடை மேலேயே மயங்கிச் சரிந்தார். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் சேகரன்தான். கழிப்பறை இல்லையென்று தண்ணீரே குடிக்காமல் இருந்ததால் வந்த நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் சேகரன் என்னைத் தேடி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பதினொரு வருசமா அந்தம்மா அரை டம்ளர் டீயைத் திருப்பிக் குடுத்துச்சுங்க. என்ற டீதான் புடிக்கலையாட்டன்னு நெனச்சுட்டிருந்தனுங்க.” எனக்கும் கோபம் அதோடு போயிற்று.

4. மே மாதக் கூட்டத்தில் அதே தீர்மானத்தை சேகரனே முன்மொழிந்தார். ஆனால் அதற்குள் ஐந்தாவது உறுப்பினர் சோனியா, வேலை மாற்றலாகி, பதவியை விட்டுப் பெங்களூரு சென்றுவிட்டார். மீதமிருந்த நால்வரும் கை தூக்கினோம். சேகரன் இரண்டு கைகளையும் தூக்கினார், ஒன்றுதான் எண்ணப்பட்டது. எதிர்த்தவர் ஒருவரும் இல்லை. தீர்மானம் மீண்டும் தோற்றது. அதைக் குறிப்பேட்டில் எழுதிய எழுத்தர் சக்தி, பேனாவை மூடிவிட்டு எங்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவர் மீது குறை ஏதுமில்லை. விதி அப்படி இருக்கிறது.

5. ஐயா, இனி நாங்கள் நால்வரும் ஒரே மனதாக எதை முடிவு செய்தாலும் அது செல்லாது. சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். காலி நாற்காலிகள்தான் இன்னும் எதிர்த்து வாக்களிக்கின்றன.

ஆகவே, ஐந்து காலி இடங்களையும் விரைவில் நிரப்பவும், அவற்றில் ஒன்றைப் பூ விற்கும் பெண்கள் சார்பில் பாப்பம்மாள் அவர்களுக்கு அளிக்கவும், நியமனம் முடியும்வரை பதவியில் இருப்போரின் எண்ணிக்கையிலிருந்தே பெரும்பான்மையைக் கணக்கிட ஆணையிடவும் வேண்டுகிறேன்.

அடுத்த கூட்டம் இம்மாதம் 27ஆம் தேதி, காலை பதினொரு மணிக்கு. உடம்பு தேறிவிட்ட பாப்பம்மாளையும் வரச் சொல்லியிருக்கிறோம். அவர் வாசலில் நிற்பதா, உள்ளே வந்து கை தூக்குவதா என்பது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

இடம்: மைசூரு
நாள்: 06.06.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ம. தாரணி

உடன் கையொப்பம்:
ரா. சேகரன்
(மார்ச் மாதம் எதிர்த்து வாக்களித்தவன்)