‘உன் இஷ்டம்’ என்றேன்

‘போகாதே’ என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை அலுவலக மின்தூக்கியில் யாரோ கால்வலித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். மூக்கில் ஏறும் அந்தக் காரமான வாசனை. நான் இறங்க வேண்டிய மாடியில் இறங்காமல் நின்றுவிட்டேன். உன் தோள்பையில் எப்போதும் அந்த வாசனைதான் இருக்கும். “இதுதான்டீ என் சென்ட்டு” என்பாய். நீ இல்லாமல் போன பிறகு அந்த வாசனையை நான் தேடியதில்லை. அதுவாக வந்து அகப்படுகிறது.

தியோமான் தீவின் மலை ஓட்டத்துக்கு நம் ஊர் மாசாயிலிருந்து மூவரும் கிளம்பினோம். கார் ஸ்டெல்லாவுடையது. பொந்தியான்காரி, நம் இருவரையும்விட வேகமாக ஓடுகிறவள், காரையும் அப்படியே ஓட்டுகிறவள். கோத்தா திங்கியைத் தாண்டியதும் நீ முன் இருக்கையிலிருந்து என் பக்கம் திரும்பினாய்.

“ஏய், அந்தப் புக்க மூடு. சிங்கப்பூர்ல வேல கெடச்சிருக்கு. போகவா, வேணாமா? மல உச்சிக்குப் போறதுக்குள்ள நீ சொல்லணும்.”

“நான் எப்படிடீ சொல்றது?”

“வாய் இருக்குல்ல, அத வெச்சுத்தான்.”

ஸ்டெல்லா சிரித்தாள். “அவ எங்க சொல்லப் போறா? கடையில மீயா, நாசி லெமாக்கான்னு கேட்டாலே ‘உன் இஷ்டம்’பா. இவகிட்டப் போயி கேக்கிறியே லா.”

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நீ செய்த அதே தரப் பரிசோதனை வேலைதான், பாலத்துக்கு அந்தப் பக்கம். சம்பளம் கூடுதல். உன் தம்பியின் கல்லூரிப் படிப்புக்கு அது உதவும். ஆனால் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, லோரிகளுக்கு நடுவே, பாலத்து நெரிசலுக்குள் புக வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் அப்படி. மிஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமையில் யாரால் எழுந்து ஓட முடியும்?

ஓட்டம் கடற்கரையில் தொடங்கியது. பாதை உடனே காட்டுக்குள் ஏறிவிட்டது. வேர்கள்தான் படிகள், செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். ஸ்டெல்லா முதல் திருப்பத்திலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். நீயும் அவளோடு போயிருக்கலாம். என் மூச்சிரைப்புக்குத் தக்கபடி உன் நடையைக் குறைத்துக்கொண்டாய். வழியில் நின்ற மலாய்க்காரப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, “சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி” என்று கை காட்டினார்கள்.

“இன்னும் கொஞ்சந்தானாம்” என்று முணுமுணுத்தாய். “இவங்க கொஞ்சம்னா, பின்னாடி இன்னொரு மல இருக்குன்னு அர்த்தம்.”

உச்சி என்றார்களே தவிர, அங்கிருந்து கடல் தெரியவில்லை. சுற்றிலும் மரங்கள், ஈரம், காதுக்குள் துளைக்கும் பூச்சிச் சத்தம். என் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நீ மண்டியிட்டுத் தைலம் தேய்த்துவிட்டாய். பிறகு, தலை நிமிராமலே கேட்டாய்.

“சரி, சொல்லு.”

எனக்குள் பதில் இருந்தது. அந்த இருட்டுச் சாலை வேண்டாம் என்பது உனக்காக. நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேண்டாம் என்பது எனக்காக. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தன. எது யாருக்காக என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாதபோது, உன் வாழ்க்கையில் கை வைக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். புத்தகங்களில் படித்துப் படித்து அதற்குக் கண்ணியம் என்று ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

“உன் இஷ்டம்” என்றேன்.

“அலமாக்!” என்று சிரித்தாய். “இதக் கேக்கவா இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்?”

தைலப் புட்டியை மூடிப் பைக்குள் போட்டாய். “மெதுவா வா” என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் ஓடினாய். அன்று முதல் தடவையாக எனக்காக நிற்கவில்லை. எல்லைக்கோட்டில் எனக்கு முன்பே வந்து நின்று, இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக என் பெயரைக் கூவினாய். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அதனால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. தீவிலிருந்து படகில் திரும்பும்போது மெர்சிங் முகத்துவாரத்தில் நீர் வற்றியிருந்தது. கடல் ஏறட்டும் என்று படகை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்டெல்லா உன் தோளில் சாய்ந்து தூங்கினாள். நீ கைப்பேசியில் எதையோ எழுதினாய், அழித்தாய், மறுபடியும் எழுதினாய். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாய். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அனுப்பிட்டேன்” என்றாய். “வரேன்னு சொல்லிட்டேன்.”

“நல்லது” என்றேன்.

சென்ற மாதம் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். உன்னைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னாள்: “அவ எப்படியும் போகத்தான் போறா. முடிவு பண்ணிட்டுத்தான் கார்லயே ஏறினா. நீ ‘போகாதடீ’ன்னு ஒரு வார்த்த சொல்றியான்னு பாக்கணும்னு ஆச, அவ்வளவுதான்.”

நீ என்னிடம் ஆலோசனை கேட்டதாகவே நான் எண்ணியிருந்தேன். எனக்கு நீ வேண்டும் என்பதை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கிறாய். அதைச் சொல்ல எந்த உரிமையும் தேவைப்பட்டிருக்காது.

நீ வேலையில் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கினாய். நாம் மூவரும் ஓடிப் பழகிய புலாய் மலைக்கு நானும் ஸ்டெல்லாவும் மட்டும் போனோம். பிறகு அதுவும் நின்றது. தீபாவளிக்கு ஒரு தடவை உன் வீட்டுக்கு வந்தேன். சொந்தக்காரர்களுக்கு நடுவே சரியாகப் பேச முடியவில்லை. மழை பெய்த விடியற்காலைகளில் விழித்துக்கொண்டு, இந்நேரம் நெடுஞ்சாலையில் இருப்பாயே என்று பயந்துகொண்டு கிடப்பேன். சாலை உன்னை ஒன்றும் செய்யவில்லை. அடுத்த ஆண்டு மலை ஓட்டத்துக்கு முன்பே, மாசாயில் உன் வீட்டில், டிங்கிக் காய்ச்சலில் விழுந்தாய். மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த வாரமே இறந்துபோனாய்.