சைகையில் ஒரு ஸ்தோத்திரம்

ஜூன் 22, ஞாயிறு இரவு

குற்றாலச் சாரலில் குளிக்க வந்தவர்கள் என்றுதான் எங்கள் ஊரில் தங்கியிருக்கும் கல்லூரி மாணவர்களை நினைத்தேன். அவர்கள் எங்கள் சர்ச்சில் ஒரு வாரமாகச் சபையாருக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் என் மகள் ஜெனிக்குச் சைகையில் ஸ்தோத்திரம் சொல்லி வாழ்த்தினார். ஜெபவேளையில் சத்தம் போடுகிறாள் என்று, காது கேளாத அவளைச் சிறுவயதில் வெளியே உட்காரவைத்தவர் அவர்தான்.

“நாங்களும் படிச்சிட்டோம்லா, அண்ணாச்சி!” என்று சிரித்தார்.

“இத்தன வருசமா உங்க கை எங்க போச்சு?” என்றேன். சிரிப்பு நின்றது.

ஜெனி பூரித்துப்போயிருந்தாள். அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று வீட்டில் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் மன்னிக்கட்டும். நான் மன்னிப்பதாக இல்லை. மாணவர்கள் நாளை ஊர் திரும்புகிறார்கள். அடுத்த ஞாயிறும் அந்தக் கை எழும்புகிறதா, பார்க்கிறேன்.